ஒரே விடைத்தாள், பல மதிப்பெண்

நூற்றுக்கு நாற்பது பெற்றால் தேர்ச்சி என்று வகுத்துள்ள ஒரு பல்கலைக் கழகத்தில் 39 பெற்றவர் தவறுகிறார். 41 பெற்றவர் தேறுகிறார். ஒருவருக்கு ஓராண்டு வீணாகிறது. மற்றவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். இவ்விருவரையும் பிரிக்கும் இரண்டு மதிப்பெண்ணை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதனைச் சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர் நம் நாட்டுக் கல்வியை நன்கறிந்தவர். டாக்கா பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராய் விளங்கிய ஸர் பிலிப் ஹார்டாக்தான் அவர். தாயகம் திரும்பிய பின்னர், ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து 1935-இல் இங்கிலாந்தின் தேர்வுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பள்ளி இறுதித் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள், பழைய மதிப்பெண் தெரியாதபடி, 15 தேர்வாளர்களிடம் அளிக்கப்பட்டன. அவர்கள் இட்ட மதிப்பெண்களோ நாற்பதுக்கும் மேற்பட்ட வகையின!

மனிதருக்கு மனிதர் கருத்து மாறுபடுவது இயல்பே எனலாம். ஆனால் ஓராண்டுக்கும் மேல் கழித்து, அவர்களுள் 14 பேரிடம் அதே தாள்கள் மீண்டும் தரப்பட்டன. தேறினார், தவறினார், சிறப்பாகத் தேறினார் என்று முன்பு கூறிய 210 தீர்ப்புகளில் 92-ஐ அவர்களே மாற்றிவிட்டனர். பிறரோடு மாறுபடுவதைக் காட்டிலும் தம்மோடு தாமே மாறுபடுவதன்றோ நம்மைத் திடுக்கிட வைக்கிறது!

இந்திய நாட்டில் இவ்வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் லண்டன் பல்கலைக் கழகத்தின் முறையைத் தழுவி நிறுவப்பட்டபோது, கற்பிக்கும் பணி கல்லூரிகளுக்கும் தேர்வு நடத்தும் பணி பல்கலைக் கழகத்துக்கும் என ஆயிற்று. மாணவரை ஒருபோதும் கண்டிராதவர் விடைத்தாளைத் திருத்தும் வழக்கம் அதனால் வேரூன்றியது. இதில் நடுநிலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் காலையில் திருத்திய முதல் தாளுக்கும், கண் சோர்ந்த மாலையில் திருத்திய கடைசித் தாளுக்கும் ஒரே அளவுகோல்தானா என்பதை யார் கண்டார்? உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்ல வேண்டுமெனில் அது தேர்வு முறையைப் பற்றியதாகவே இருக்கும் என்று 1949-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் குழு கூறியதில் வியப்பில்லை.

மறுமதிப்பீடு இருக்கிறதே என்பர். கட்டணம் செலுத்துவோருக்கு அது இருக்கிறது. தம் விடைத்தாளைப் பார்வையிடும் உரிமையையும் 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, நல்லதே. எனினும், தாளைப் பார்ப்பதால் மட்டும் இன்னொரு தேர்வாளர் என்ன மதிப்பெண் இட்டிருப்பார் என்பது விளங்காது.

மதிப்பெண்ணைக் கால், அரை என்று பங்கிட்டு விடைக்குறிப்பை நுணுக்கமாக்கலாம் என்பாரும் உளர். கணிதத்துக்கு அது பொருந்தும். இலக்கியத்திலும் வரலாற்றிலும், குறிப்பில் இல்லாத ஒன்றைத் தானே சிந்தித்து எழுதிய மாணவனை அது தண்டித்துவிடும். நாம் அதனை விரும்பவில்லை. ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றவர் அறியாதவாறு இருவர் திருத்துவதும், வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் அனுப்புவதும் நம் பல்கலைக் கழகங்கள் சில முதுகலைத் தேர்வில் கையாளும் முறையே. இளங்கலைக்கு அது பெருஞ்செலவு என்றால், எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கும் தாள்களுக்கேனும், மாணவர் கேளாமலே, கட்டணம் பெறாமலே, முடிவு வெளியாகுமுன் அதனைச் செய்யலாம்.