பச்சைக் கல்லின் மெய்யும் வண்ணமும்

 

தெய்வத் திருமேனிக்கு அணி செய்ய விழையும் உள்ளம் மணிகளை நாடுதல் இயல்பு. பச்சை மணி என்றதும் தமிழர் நினைவில் எழுவது மரகதமே. ஆயின், பசுமை பூண்ட கல் எல்லாம் மரகதம் ஆகிவிடாது. சீன நாட்டார் பல்லாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வரும் ‘ஜேட்’ எனும் கல் வேறு, மரகதம் வேறு.

ஜேட் என்பதும் ஒரே கல்லின் பெயர் அன்று. 1863-ஆம் ஆண்டில் அலெக்சி தமூர் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், பர்மா நாட்டுக் கல்லை ஆராய்ந்து, அது சீனர் தொன்றுதொட்டுச் செதுக்கி வந்த கல்லினின்று வேறுபட்டது என நிறுவினார். பழைய கல் நெப்ரைட். பர்மியக் கல் ஜேடைட். முன்னது கால்சியமும் மெக்னீசியமும் சிலிகனோடும் பிராணவாயுவோடும் கூடியது. சீனத்தின் மேற்குப் பகுதியிலுள்ள கோட்டான் நகரை அடுத்த ஆற்றுப் படுகைகளில் உருண்டைக் கற்களாகக் கிடைப்பது. பின்னது சோடியமும் அலுமினியமும் அவ்வாறே கூடியது. பர்மா என முன்னர் வழங்கிய மியன்மாரின் கச்சின் மலைநாட்டில் அகழ்ந்தெடுக்கப்படுவது.

இவ்விரண்டும் தூய நிலையில் வெண்மையானவை என்பதே வியப்பு. நெப்ரைட்டில் மெக்னீசியத்தின் இடத்தில் இரும்பு சிறிது புகுந்தால் பசுமை தோன்றும். இரும்பு மிகமிகக் கருமை ஏறும். இரும்பு அருகிய வெண்கல்லைச் சீனர் ஆட்டுக் கொழுப்பின் நிறத்தோடு ஒப்பிட்டு உயர்வாக மதித்தனர். ஜேடைட்டில் அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் அணுவளவு சேர, மீன்கொத்தியின் இறகை ஒத்த ஒளிப்பசுமை பிறக்கிறது. அக்குரோமியம் வெள்ளொளியின் செந்நிறப் பகுதியையும் ஊதா நிறப் பகுதியையும் உண்டு, பசுமையை வெளிவிடுகிறது. மரகதத்தைப் பச்சையாக்குவதும் குரோமியமே. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவதும் அதுவே. புகுந்த பொருள் ஒன்று. புக்க இடத்திற்கேற்ப நிறம் பல.

நிறம் விருந்தாக வந்தது. உறுதியோ கல்லின் சொந்தம். நெப்ரைட்டின் நுண்ணிய இழைகள் கம்பளியின் மயிர்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வைரம் கீறுதற்கரியது எனினும் ஓங்கிய அடியில் பிளவுறும். நெப்ரைட்டோ எளிதில் பிளவுபடாது. ஜேடைட்டின் மணித்துகள்களும் அவ்வாறே கோத்து நிற்பன. இதனாலன்றோ நூலிழை போன்ற நுண்வேலைப்பாட்டை அக்கற்கள் தாங்குகின்றன!

இவ்வுண்மையை மறந்து நிறத்தை மட்டும் நாடுவோர் ஏமாற்றம் அடைகின்றனர். மங்கிய ஜேடைட்டை அமிலத்தில் ஊறவிட்டு, பிசினை ஏற்றி, சாயமும் ஊட்டி விற்பார் உளர். அமிலம் பின்னலைத் தளர்த்திவிடும், நாளடைவில் பிசின் மஞ்சளிக்கும், சாயம் வெளிறும். ஆதலின் காணிக்கையாகப் பச்சைக் கல் வாங்குவோர், கண்ணை மட்டும் நம்பாது, இரத்தினப் பரிசோதனைச் சாலையின் சான்றும் பெறுதல் நன்று.

அணுவளவு சேர்க்கை வண்ணம் தரும். அகத்தின் பிணைப்பே வலிமை தரும். பலர் கைகோத்து எழுப்பிய திருக்கோயில் நிலைபெறுவதும் இவ்வாறேயாம்.