தஸ்தாவேஜும் இயந்திரமும்

ஹூக்ளி நதிக்கு அருகே உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1862ஆம் ஆண்டில் தோன்றிய அந்த நீதிமன்றத்தில் ஒரு வாணிப வழக்கு என்றால், முன்னாளில் குமாஸ்தாக்கள் கடிதக் கட்டுகளை நாட்கணக்கில் புரட்டுவார்கள். இன்று அக்கடிதங்கள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் அல்லவா இருக்கின்றன!

வாணிப வழக்காடுவோருக்கு 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் ஒரு கடமையை விதித்தது. வழக்கைப் பற்றித் தம் வசமுள்ள தஸ்தாவேஜுகள் அனைத்தையும், சாதகம் பாதகம் பாராமல், வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிட்டதாகப் பிரமாணமும் செய்ய வேண்டும். மின்னணுப் பதிவுகளும் இதில் அடங்கும். ஒரு பெரிய நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கில் இருக்குமாயின், மனிதர் படித்து முடிவது எப்போது? ஆகவேதான் செயற்கை நுண்ணறிவை நாடுகிறார்கள். அனுபவமிக்க வழக்கறிஞர் சில நூறு கடிதங்களைப் படித்து, தேவையானவை எவை, தேவையற்றவை எவை என்று குறித்துக் கொடுப்பார். அதைக் கொண்டு பழகிய இயந்திரம் எஞ்சியவற்றைத் தரம் பிரித்துவிடும். நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஏற்றுக்கொண்டது.

உபயோகம் பெரிது, ஐயமில்லை. ஆயினும், நேயர்களே, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. லேக் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் தம் கூட்டாளிக்கு அனுப்பும் செய்தி தமிழில் இருக்கும். அல்லது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கும். உயர் நீதிமன்றத்தின் மொழியோ ஆங்கிலம். "அந்த ஐம்பதினாயிரம் கைமாற்று" என்று அவர் எழுதியிருந்தால், அது பத்திரமின்றிக் கொடுத்த கடன் என்பது நமக்குத் தெரியும். கைமாறிய பணம், தீர்ந்த கணக்கு என்று இயந்திரம் மொழிபெயர்த்துவிட்டால், கொடுத்தவர் கதி என்ன? "தவணை கேட்டார்" என்றால் கேட்டது கால அவகாசமா, பகுதி பகுதியாகச் செலுத்தும் சலுகையா? முன்பின் செய்திகளைப் படித்து, நம் வழக்கும் அறிந்தவரே சொல்லக்கூடும்.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. பதிவை அளிப்பவர் மட்டுமின்றி, நிபுணர் ஒருவரும் அதில் கையொப்பமிட வேண்டும்; பதிவின் 'ஹாஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு திருத்தப்படவில்லை என்பதற்கே அது சாட்சி. அதன் பொருளுக்கு அன்று.

இயந்திரம் இல்லாததையும் படைத்துவிடும். 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கில் 'சாட்ஜிபிடி' கற்பித்துக் கொடுத்த பொய்த் தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அபராதம் இயந்திரத்திற்கு விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனவே வழக்கு என்று வந்தால், கைப்பேசியிலுள்ள மூலச் செய்திகளை அழிக்காதிருங்கள். உங்கள் தமிழுக்கு நேரே நிற்கும் ஆங்கிலத்தை, இரு மொழியும் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துக் கேளுங்கள். "கைமாற்று" எவ்வாறு பெயர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.