கைமாறும் படகு



மாடு வாங்கச் செல்லும் உழவர் அதன் பல்லையும் சுழியையும் பார்த்த பின்னரே விலை பேசத் தொடங்குவார். பழைய மீன்பிடி படகு வாங்குவோருக்கும் அத்தகைய கண் வேண்டும். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மாடு பொய்த்தால் பொருள் போகும். நடுக்கடலில் படகு பொய்த்தால் ஆளே போவார். சோழமண்டலக் கரையில் வளர்ந்தவன் நான். படகு கைமாறும் வேளைகளில் இரு சாராருக்கும் நடுவே நிற்கும் வாய்ப்புப் பலமுறை எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் கரையின் தொன்மையான ஊர்தி கட்டுமரம். ஆங்கிலத்திற்கும் அப்பெயரை நாமே வழங்கினோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், நாகப்பட்டினக் கரை முதலிய இடங்களில் கட்டுமரங்கள் இருந்த மணலில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பல, பின்பக்கம் மாட்டிக் கழற்றக்கூடிய அவுட்போர்டு எந்திரத்தால் ஓடுவன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார், 1909-ஆம் ஆண்டளவில் இத்தகைய எந்திரத்தை வணிக முறையில் வெற்றிபெறச் செய்தார்.

முதலில் படகின் உடலைப் பார்ப்போம். புதுவண்ணம் கண்டு மயங்குதல் கூடாது. வண்ணம் வெடிப்பையும் மூடும். எந்திரம் மாட்டும் பின்பலகையே உயிர்நிலை. வெளியே கண்ணாடி நாரிழை தெரியினும், பெரும்பாலும் உள்ளே மரம் இருக்கும். மரையாணித் துளை வழியே நீர் புகுந்தால் அம்மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும். சிறு மரச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் மந்தமாக ஒலிக்கும். பிறகு எந்திரத்தைப் பற்றி மெல்ல அசைத்தால், பலகை வளைகிறதா என்பதும் புலனாகும்.

அடுத்தது எந்திரம். விற்பவர் அதை முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். ஆதலால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கச் சொல்ல வேண்டும். எந்திரத்தைக் குளிர்விப்பது அது தானே உறிஞ்சும் கடல்நீர். ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று அந்நீரை மேலேற்றும். எந்திரம் ஓடும்போது பக்கத்துத் துளையினின்று நீர் பீறிட்டு வர வேண்டும். துளி துளியாக வடியின், இதழ்கள் தேய்ந்தன என்றோ, உப்பு வழியை அடைத்தது என்றோ கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் நன்னீர் விட்டுக் கழுவியவரின் எந்திரம் நெடுநாள் உழைக்கும். கீழ்ப்பகுதியில் உள்ள பல்சக்கர எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. விசிறித் தண்டில் சுற்றிய நரம்பு நூல் அடைப்பை அறுத்திருக்கலாம்.

இனி ஏடுகள். மீன்வளத் துறையின் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகின் மேலுள்ள எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். எந்திரத்தின் எண்ணும் அவ்வாறே. மானியத்தில் பெற்றதாயின், விற்க ஏதேனும் நிபந்தனை உண்டா என்று துறையிலேயே கேட்டறிவது நலம். ஏட்டில் எழுதப்படாத கட்டு ஒன்றும் உண்டு. மீன் ஏலம் விடும் வணிகரிடம் முன்பணம் வாங்கியவர், தம் மீன்பாட்டை அவர் வழியாகவே விற்கக் கடமைப்படுவார். அக்கடன் தீராமல் படகு கைமாறின், வாங்கியவர் வாசலில் வழக்கு வந்து நிற்கும்.

ஒருமுறை, கணவரை இழந்த அம்மையார் ஒருவர் தம் படகை விற்க முன்வந்தார். ஏலக்காரரின் கடன் அவர் தலைமேல் இருந்தது. வாங்க வந்தவர் ஓர் இளைஞர். விலை முடியும் தறுவாயில் அம்மையார், “தம்பி, பின்பலகை உள்ளே இற்றிருக்கிறது. அதை மாற்றாமல் கடலுக்குப் போகாதே” என்றார். தரகர் முகம் சுளித்தார். இளைஞர் சிறிது எண்ணி, “பலகைச் செலவை மட்டும் கழித்துக்கொள்கிறேன், அக்கா, மற்றபடி பேசிய விலையே” என்றார். கடன் அடைத்தபின் அம்மையார் கையில் மிஞ்சியது சிறு தொகையே. அதை எண்ணி முடிந்துகொண்டு, அவர் தலைநிமிர்ந்து நடந்து சென்றார்.

குறையைத் தேடிக் காண்பது வாங்குவோர் அறிவு; கேளாமலே சொல்வது விற்போர் அறம். அறிவு தவறும் இடமும் உண்டு. சுத்தியின் ஒலிக்கு எட்டாத குறையும் உண்டு. அங்கே விற்பவரின் ஒரு சொல்லே கடலோடியைக் கரை சேர்க்கிறது. நாளை நீங்கள் எதை விற்றாலும், அதை வாங்குபவர் எந்தக் கடலில் இறங்கப் போகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.