ஊசிக்குப் பயந்த இன்ஜினியர்
(சங்க ஆண்டு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



துணைமின் நிலையங்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் சார். இன்று ஊசியைப் பற்றிப் பேசுகிறேன். என் பேட்ச் ஆட்கள் இப்போதே சிரிக்கிறார்கள். "230 கேவி யார்டுல நிக்கிறவனுக்கு இத்தனூண்டு ஊசியாடா பயம்?" என்று இன்றைக்கும் கேட்பவர்கள் அவர்கள்தான். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் நான். என் அப்பாவும் அப்படித்தான். இந்தப் பயம் குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டாம்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இதற்கு மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான். ஒரு நாளைக்கு நான்கு முறை. என் மனைவி ரயில்வேயில் ஷிப்ட் பார்ப்பவர். அவர் இல்லாத இரவுகளில் போட வேண்டியவன் நான். இன்சுலின் பேனாவின் ஊசி 4 மில்லிமீட்டர்தான். அதைக் கையில் எடுத்த முதல் நாளே கண் இருட்டிச் சரிந்துவிட்டேன். குழந்தைதான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அத்தையைக் கூட்டி வந்தாள்.

"மூச்சை நல்லா இழுத்து விடு, உடம்பைத் தளர்த்திக்கோ" என்று சொல்லாத ஆளில்லை. ஒரு லேபில் "ஆம்பளைதானே நீங்க?" என்றுகூடக் கேட்டார்கள். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். (அந்த போர்டுக்குக் கீழே நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று இருந்தது உண்மை.) அங்கே இருந்த கிளினிகல் சைக்காலஜிஸ்ட் அம்மையார், முதல் நாளே அந்தத் தளர்த்துகிற யோசனையை நிறுத்தச் சொன்னார்.

காரணம் கேட்டபோது எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. பாம்பு, உயரம் போன்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். அதனால் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி என்றால் பயப்படுகிற பலருக்கு, முதலில் ஏறிய அழுத்தம் திடீரென்று விழும், நாடித்துடிப்பும் குறையும். மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில் உடம்பைத் தளர்த்துவது, வோல்டேஜ் விழுகிற லைனில் இன்னும் லோடு ஏற்றுகிற மாதிரி!

ஆகவே செய்ய வேண்டியது நேர்மாறானது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது. கை, கால், வயிற்றுத் தசைகளை முறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறும்வரை, பத்துப் பதினைந்து விநாடி. பிறகு சாதாரண நிலைக்கு வந்து அரை நிமிடம். இப்படி ஐந்து தடவை. நமக்கே ஊசி போடும்போது அந்தக் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.

இந்தப் பயிற்சியோடு படிப்படியாக ஊசியை நெருங்கினேன். முதலில் படம். பிறகு மூடி போட்ட சிரிஞ்ச். பிறகு ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்த்தது. அந்தப் பழத்துக்கே எனக்கு வியர்த்துவிட்டது! ஆறாவது சிட்டிங்கில் என் கையிலேயே ரத்தம் எடுத்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. பயம் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. விழுவது நின்றுவிட்டது.

தம்பி, தங்கைகளில் யாருக்காவது இப்படி இருந்து, சொல்லக் கூச்சமாக இருந்தால், 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது இரவு ஊசி என் பொறுப்பு. நான் கையை முறுக்கும்போது என் மகள்தான் விநாடி எண்ணுகிறாள். சில நாள் பத்தோடு நிறுத்த மாட்டாள், வேண்டுமென்றே இருபதுவரை இழுப்பாள்.