பூச்சியை வீழ்த்தும் வெண்மலர்

(பெங்களூருவில் வீட்டுத் தோட்ட ஆர்வலர்களிடையே நிகழ்த்திய உரை)



ஆண்டுக்கு இருமுறை லால்பாக் மலர்க் காட்சியைக் கண்டு மகிழும் நகரம் இது. கொசுத் தொல்லையும் இங்குப் புதிதன்று. எனவே, பைரெத்ரம் செடியைத் தொட்டியில் வளர்த்தால் கொசு அண்டாது எனப் பலர் நம்புவது இயல்பே. அந்நம்பிக்கையை ஆராய்வோம்.

பைரெத்ரம், சாமந்தியின் உறவுச் செடி. வெள்ளை இதழ்களும் மஞ்சள் நடுவும் கொண்ட இதன் தாயகம் ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியா. ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் பூக்கும். பூச்சிகளை வீழ்த்தும் பைரெத்ரின்கள் பெரும்பாலும் பூவின் நடுவிலுள்ள இளம் விதைகளிலேயே அடங்கியுள்ளன. பூவைக் கொய்து உலர்த்தி, பொடித்தோ சாறெடுத்தோதான் பயன்கொள்ள வேண்டும். சன்னலோரச் செடி கொசுவைத் தடுத்துவிடாது.

பைரெத்ரின்களின் வேதி அமைப்பைப் பற்றிய ஆய்வை ஸ்டாடிங்கரும் ருசிக்காவும் 1924இல் வெளியிட்டனர். இவை பூச்சியின் நரம்புகளைத் தாக்குகின்றன. வெயிலில் விரைவில் சிதைகின்றன. மனிதருக்கு இவற்றால் தீங்கு குறைவு. ஆயினும் மீனுக்கும் தேனீக்கும் இவை நஞ்சே. இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது எனக் கருதலாகாது.

நமது பொதுச் சுகாதாரப் பணியிலும் இம்மலருக்கு இடமுண்டு. டெங்கு கண்ட வீட்டிலும் சுற்றுப்புற வீடுகளிலும் தெளிப்பதற்கு, 2 சதவீதப் பைரெத்ரம் சாறு ஒரு பங்குடன் 19 பங்கு மண்ணெண்ணெய் கலக்கப்படுகிறது. பறக்கும் கொசுக்களை அது உடனே வீழ்த்தும். நீரில் வளரும் புழுக்களை அழிக்காது.

அவ்வாறாயின் இதனை இங்கேயே பயிரிடலாகாதா? நன்கு மொட்டு விடுவதற்கு இச்செடிக்குக் குளிர்ந்த இரவுகள் தேவை. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையோ சுமார் 2,200 மீட்டர். ஆகவேதான் காஷ்மீரிலும் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் இது பயிரிடப்பட்டது. கென்யாவில் இது செழித்ததும் மேட்டு நிலங்களிலேயே.

ஆனால், பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் கொய்ய ஆட்கூலி மிகுதி. 1949இல் அல்லெத்ரின் வந்தது முதல், செயற்கை மருந்துகள் மலிவாகப் போட்டியிடுகின்றன. உறுதியான விலையும் அருகிலேயே உலர்த்தும் வசதியும் இன்றி, மலையகச் சிறு விவசாயி இப்பயிரை நம்பி இறங்க இயலாது. ஊக்கம் தேவைப்படுவது அங்கேதான்.

நகரவாசிகளின் கடமை வேறு. பைரெத்ரத்தை அழகுக்காக வளருங்கள். கொசுவைத் தடுக்க, அத்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கழுவி விடுங்கள்.