வளி மூலக்கூறின் நிரவல் இயக்க ஆற்றல்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடைத்த அறைக்குள் அசைவற்றுக் கிடப்பதாகத் தோன்றும் காற்று, உண்மையில் அசைவற்றதன்று. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் துமுக்கிக் குண்டுபோற் பாய்கின்றது, மோதுகின்றது, திரும்புகின்றது. கண்ணுக்குப் புலனாகா இத்துகளின் இயக்க ஆற்றலை எண்ணிட்டுச் சொல்ல இயலுமா? இயலும். அதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

ஆயின், அக்கணக்கு உலகிற்குக் கிடைத்த வரலாறு வருந்தத்தக்கது. வளியின் அழுத்தமென்பது துகள்கள் கலச்சுவரில் மோதும் மோதலே என்று 1738-இல் தானியேல் பெர்னூலி தம் நீரியக்க நூலிற் காட்டினார். நூறாண்டுக் காலம் அதனைப் போற்றுவார் அரியர். பின்னர், பம்பாயில் கிழக்கிந்தியக் குழுமத்தின் கப்பற்படை மாணவர்க்குப் பாடஞ்சொல்லி வந்த சான் சேம்சு வாட்டர்சுடன் என்னும் இசுக்காட்லாந்தியர், அக்கருத்தை விரித்தெழுதி 1845-இல் இலண்டன் அரசுக் கழகத்திற்கு விடுத்தார். ஆய்ந்தவருள் ஒருவர் அது வெறும் பிதற்றலென்றும், அவையிற் படிக்கவும் தகாததென்றும் தள்ளினார். கட்டுரையும் திரும்பவில்லை, அவரிடமோ மறுபடி இல்லை. 1857-இல் கிளாசியசும் 1860-இல் மாக்சுவெலும் அதே வழியிற் சென்று பெரும்புகழ் எய்தினர். 1883-இல் ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறிய வாட்டர்சுடன் மீளவேயில்லை. 1891-இல் இரேலி பெருமகனார் கழகத்தின் பழஞ்சுவடிகளிடையே அக்கட்டுரையைக் கண்டெடுத்தார். 1892-இல் அஃது அச்சேறியது. கண்டெடுத்த அவரே தம் முன்னுரையில், பெயரறியப்படாதார் தம் துணிந்த கருத்துகளை அறிவியற் கழகங்களுக்கு விடுப்பதினும் வேறு வழி நாடுதல் நன்றென எழுதியிருப்பது, புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்றதே.

கணக்கிற்கு வருவோம். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவின எனக் கொள்க. ஒரு மூலக்கூறு சுவரில் நேராக மோதித் திரும்பும்போது, அதன் உந்தம் பொருண்மையையும் விரைவையும் பெருக்கிய தொகையைப்போல் இருமடங்கு மாறுகின்றது. எதிர்ச்சுவர் சென்று அதே சுவருக்கு மீள அது பெட்டியின் நீளத்தை இருமுறை கடத்தல் வேண்டும். ஆகவே, சுவர் பெறும் விசை, பொருண்மையை விரைவின் இருமடியாற் பெருக்கி நீளத்தால் வகுத்த அளவாகும். விரைந்தது வன்மையாகவும் மோதுகின்றது, அடிக்கடியும் மோதுகின்றது. இருமடி வருவது அதனாலேயே. இயக்கம் மூன்று திசைக்கும் ஒப்பப் பகிரப்படுதலின் மூன்றில் ஒரு பங்கே ஒரு திசைக்குரியது. முடிவாக, அழுத்தத்தைப் பருமனாற் பெருக்கி, அதனை ஒன்றரை மடங்காக்கி, மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்றன் நிரவல் இயக்க ஆற்றல் கிடைக்கும்.

சராசரி என்று வழங்குவதையே இங்கு நிரவல் என்றோம். நிரவுதலாவது மேடுபள்ளத்தை ஒன்றாக்குதல். ஆயின் இங்கு நிரவ வேண்டுவது விரைவையன்று, விரைவின் இருமடியை. நொடிக்கு 300 மீட்டரும் 700 மீட்டரும் செல்லும் ஈரொத்த துகள்களின் நிரவல் விரைவு 500; அதன் இருமடி 2,50,000. இருமடிகளை நிரவினாலோ 2,90,000. மாணவர் பலர் வழுக்கும் இடம் இதுவே.

சுழிப் பாகை வெப்பநிலையில், இயல்பான காற்றழுத்தமாகிய 1,01,325 பாசுக்கலில், ஒரு கன மீட்டர் வளியில் உள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ 2.687 × 10²⁵. வகுத்துப் பார்த்தால் ஒன்றிற்கு 5.66 × 10⁻²¹ யூல் வரும். இதனையே வெப்பநிலை வழியாகவும் பெறலாம்: போல்ட்சுமன் மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையாற் பெருக்கி ஒன்றரை மடங்காக்குக. அம்மாறிலி 2019 முதல் 1.380649 × 10⁻²³ என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. 300 கெல்வினில், அஃதாவது ஏறத்தாழ 27 பாகைச் செல்சியசில், விடை 6.21 × 10⁻²¹ யூல். இவ்வாற்றல் இரட்டிக்க வேண்டுமாயின் 54 பாகைக்குச் சூடாக்கிப் பயனில்லை. 327 பாகை வேண்டும்.

இக்கணக்கில் வளியின் பெயரே வரவில்லை என்பதைக் காண்க! வாட்டர்சுடன் கண்ட பெருமை அதுவே. ஒரே வெப்பநிலையில் நீர்வளிக்கும் உயிர்வளிக்கும் நிரவல் ஆற்றல் ஒன்றே. எளியது விரைந்தோடி ஈடுசெய்கின்றது. உயிர்வளி மூலக்கூறு நீர்வளியினும் பதினாறு மடங்கு பொருண்மையுடையது. எனவே 300 கெல்வினில் அதன் விரைவு, இருமடி நிரவலின் வழி, நொடிக்கு ஏறத்தாழ 484 மீட்டராக, நீர்வளிக்கோ அதன் நான்கு மடங்காக 1,930 மீட்டர் அளவில் உள்ளது. நீர்வளி நிலவுலகின் பிடியினின்று நழுவி வான்வெளிக்குத் தப்புவதும் இவ்விரைவினாலேயே. உயிர்வளி போன்ற ஈரணு மூலக்கூறுகள் சுழலவும் செய்யும். அச்சுழற்சியாற்றல் இக்கணக்கிற் சேராதது.

இன்னுமொன்று. இயல்பழுத்தத்தில் ஒரு கன மீட்டர்க் காற்றின் மூலக்கூறுகள் அனைத்தும் இங்ஙனம் கொண்டுள்ள ஆற்றல் ஏறத்தாழ 1,52,000 யூல். சூடேறினும் அழுத்தம் மாறாதவரை இத்தொகை மாறாது. ஒவ்வொன்றின் ஆற்றல் மிகும், எண்ணிக்கை குறையும். ஆயிரங்கிலோப் பொருளைப் பதினைந்து மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதிய ஆற்றல் இது. ஆயினும் மூலக்கூறுகள் எத்திசையும் சிதறியோடுதலின், ஒரு தாளைக்கூட அவை தாமாகத் தூக்குவதில்லை.