'இன்திபாதா' – ஒரு சொல்லின் கதை

(தோட்ட வாசிகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ரேடியோவிலும் டீவியிலும் மத்திய கிழக்குச் செய்தி வரும்போது ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. 'இன்திபாதா' என்பதுதான் அது. நம்ம தோட்டங்களில் இருந்து குவைத், சவூதி, லெபனான் என்று வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிமார் அங்கேயே இதைக் கேட்டிருப்பீங்க. இதைக் கேட்டதும் சிலருக்குக் குண்டு வெடிப்புதான் ஞாபகம் வருகிறது. சிலர் விடுதலைப் போராட்டம் என்கிறார்கள். ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி இரண்டு அர்த்தம்? இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுவோம்.

அரபியில் 'நஃபத' என்றால் உதறினான் என்று அர்த்தம். மலையால வந்ததும் படங்கை உதறுறோம் இல்லையா? பாயை வெளியே கொண்டுபோய்த் தூசி தட்டுறோமே, அந்த வேலைக்குள்ள சொல்தான் அது. அதிலிருந்து பிறந்தது இன்திபாதா. மேலே படிந்து கிடப்பதை உதறிவிட்டு எழும்புவது. புரட்சி என்பதற்கு அரபியில் 'தவ்ரா' என்று வேறு சொல் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு எகிப்து மக்கள் முபாரக்கைப் பதவியிலிருந்து இறக்கியபோது அதைத் தவ்ரா என்றுதான் சொன்னார்கள்.

இந்தச் சொல் பாலஸ்தீனத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 1977 ஜனவரியில் எகிப்து அரசாங்கம் ரொட்டி, சீனி, அரிசி, எண்ணெய் முதலிய சாமான்களுக்குக் கொடுத்து வந்த மானியத்தை வெட்டியது. சனம் தெருவில் இறங்கியது. இரண்டு நாளில் 70 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அரசாங்கம் பயந்து பழைய விலைக்கே திரும்பியது. மக்கள் அதை 'ரொட்டி இன்திபாதா' என்றார்கள். ஜனாதிபதி சதாத் என்ன சொன்னார் தெரியுமா? 'திருடர்களின் இன்திபாதா' என்றார். பசித்தவனுக்கு ஒரு பெயர், பதவியில் இருப்பவனுக்கு இன்னொரு பெயர். பாருங்க, சொல் மட்டும் மாறவில்லை.

இன்னொரு விஷயம். ஹிட்லரின் படைக்கு எதிராக 1943இல் போலந்தின் வார்சா நகரில், அடைத்து வைக்கப்பட்டிருந்த யூத மக்கள் எழும்பினார்கள். அரபியில் அதையும் இன்திபாதா என்றுதான் எழுதுகிறார்கள்.

உலகம் முழுக்க இந்தச் சொல் தெரிய வந்தது 1987 டிசம்பரில்தான். காசாவும் மேற்குக் கரையும் அப்போது 20 வருஷமாக இஸ்ரேல் இராணுவத்தின் பிடியில் இருந்தன. டிசம்பர் 8ஆம் திகதி, இஸ்ரேலில் வேலை முடித்துக் காசாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் வாகனங்களில் இஸ்ரேலிய லொறி ஒன்று மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். விபத்து என்றது இஸ்ரேல். வேண்டுமென்றே செய்தது என்று சனம் பேசியது. மறுநாள் ஜபாலியா அகதி முகாம் கொதித்து எழும்பியது.

பிள்ளைகள் கல் எறிந்த படத்தைத்தான் உலகம் பார்த்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கடையடைப்பு, வேலைநிறுத்தம் நடந்தது. இஸ்ரேல் சாமான்களை வாங்க மறுத்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடியபோது வீடுகளில் வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். பெய்த் சாஹூர் என்ற சின்ன ஊரில் வரி கட்ட மாட்டோம் என்றார்கள். 1989இல் இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகும் அந்தச் சனம் பணியவில்லை. 1993இல் ஒஸ்லோ ஒப்பந்தம் வரும்வரை நீடித்த இந்த எழுச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனரும், நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்ரேலியரும் மாண்டார்கள். காட்டிக்கொடுத்தவர் என்ற சந்தேகத்தில் தங்கள் ஆட்களையே கொன்ற கொடுமையும் நடந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

2000 செப்டம்பரில் இரண்டாவது இன்திபாதா தொடங்கியது. பெயர் அதேதான், ஆனால் நடந்தது வேறு. ஒரு பக்கம் தாங்கிகளும் விமானத் தாக்குதலும், மறுபக்கம் பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடையிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள். 2005 வரைக்கும் பாலஸ்தீனர் 3,000 பேருக்கு மேலும், இஸ்ரேலியர் சுமார் 1,000 பேரும் உயிரிழந்தார்கள்.

இப்போது விளங்குதா? பஸ்ஸில் பிள்ளையைப் பறிகொடுத்த இஸ்ரேலியத் தாய்க்கு இந்தச் சொல் குண்டுச் சத்தம். பெய்த் சாஹூரில் வரி கட்ட மறுத்த மனுசனுக்கு அது மானம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2023க்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் இதைக் கோஷமாகப் போட்டபோது வந்த பெரிய தகராறும் இதுதான். சொன்னவர் ஒன்றை நினைத்துச் சொன்னார், கேட்டவர் காதில் வேறொன்று விழுந்தது.

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, இந்தச் சொல்லைக் கேட்டதும் 'நல்லது', 'கெட்டது' என்று உடனே எடை போட்டுவிடாதீங்க. எந்த ஊரில், எந்த வருஷம், யார் சொன்னது என்று கேளுங்க. அந்தப் பெயரில் என்ன செய்தார்கள், யாருக்கு நோவு வந்தது என்றும் கேளுங்க. உதறி எழும்புவது ஒடுக்கப்பட்ட சனத்தின் உரிமை. அந்த உதறலில் ஒரு பாவமும் அறியாதவர் மேல் என்ன விழுந்தது என்று பார்ப்பதும் மனுசத்தன்மை. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு செய்தி கேட்கப் பழகுவோம்.